புள்ளிக்கோழியின் முட்டை

இன்று காலை ஆம்லெட்டுக்கு உடைத்தது கூமுட்டை. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதுமே, இப்போது அடுக்குமாடி நிற்கிற எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுப் புழக்கடையும், மதிலோரக் கூடையில் அடைகாத்த புள்ளிக்கோழியும் நினைவுக்கு வந்தன.

கோழி வளர்க்கிறவள் பக்கத்து வீட்டைப் பகைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் தினமும் மதிலோரம் கூட்டிச் சாம்பல் தூவுவாள், ஞாயிறு பூசை முடிந்ததும் கிளாரா ஆன்ட்டிக்கு நாலு முட்டையும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஒரு டஜனும் என்னிடம் கொடுத்தனுப்புவாள். "உங்க வீட்டு முட்டைன்னா கண்ணை மூடிக்கிட்டு உடைக்கலாம்" என்பாள் ஆன்ட்டி.

அந்த டிசம்பர் தொடக்கத்தில், இரை பொறுக்க அடையைவிட்டு இறங்கிய புள்ளிக்கோழி மதில் தாண்டி ஆன்ட்டியின் ரோஜாப் பாத்தியைக் கிளறியது; திரும்பி வரவில்லை. மறுநாள் அங்கிருந்து குழம்பு வாசனை வந்தது, அவள் குப்பையில் புள்ளி இறகுகள் கிடந்தன. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில்லிட்டுப்போன அடைமுட்டைகளை எறியச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒன்றை மட்டும் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

கிறிஸ்துமஸ் டஜனில் ஒன்றை எடுத்துவிட்டு ஒளித்ததைத் துடைத்து அடியில் வைத்தேன். வெண்ணெய், சர்க்கரை, ரம்மில் ஊறிய திராட்சை எல்லாம் குழைத்த பேசினில் கடைசியாக அது உடைந்தபோது ஆன்ட்டி போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டது.

அம்மா மதிலருகே நின்று மன்னிப்புக் கேட்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எத்தனை வெச்சே?"

"ஒண்ணும்மா."

"ஒண்ணுதானாடி?" என்றாள்.