பிள்ளை போட்ட சட்டை

பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மகன் பிறந்திருக்கிறான். புதுச் சட்டை வாங்க வழியில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லய வீட்டு மேரி அக்காவின் மகன் போட்ட மூன்று சட்டைகளை இன்று கொண்டுபோனேன்.

அடுத்த கட்டிலில் நமுனுகுல ஊர் அக்கா ஒருவர், கைக்குழந்தையோடு.

"புதுசா தங்கச்சி?" என் பையிலிருந்த சட்டைகளைப் பார்த்துக் கேட்டார்.

பையை மூடிக்கொண்டு, "செகண்ட் ஹேண்ட்" என்றேன். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்படிச் சொல்லாத. புள்ள போட்ட சட்டைன்னு சொல்லு. பொறந்த புள்ளைக்கு மொதல்ல அதத்தானே போடணும்? எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் புதுசா வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. ஒன்னு தாயேன்."

கொடுத்தேன். பதிலுக்குப் புதுச் சட்டை ஒன்றைத் தந்தார். அவரிடம் நன்றி சொல்ல வாய் வரவில்லை, அதனால் இந்தப் பதிவில் சொல்கிறேன்.

அந்தப் புதுச் சட்டையும் சீக்கிரமே பிள்ளை போட்ட சட்டையாகிவிடும். யாருக்கு வேண்டும்? இப்போதே சொல்லி வையுங்கள்.