வால் தூக்காத கருந்தேள்

தொப்பூர் கணவாயில், லாரிகள் அடிக்கடி கவிழும் இறக்கம் தொடங்கும் இடத்தில் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் குடியிருந்தது அந்தக் கடைக்குப் பின்னால்தான். பழைய லாரி பேட்டரிப் பெட்டியில் மணலும் ஓட்டுச்சில்லும் போட்டு, அதில் அப்பா ஒரு கருந்தேளை வளர்த்தார். ஊரில் அவனவன் கிளி வளர்ப்பான். எங்கள் அப்பாவுக்கு வாய்த்தது அது.

டிரைவர்களிடம் எப்படியோ ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. கணவாயில் இறங்குவதற்கு முன் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். தேள் வாலைத் தூக்கினால் போகலாம். தூக்காவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி தட்டுவார்கள். என் வீட்டுக்காரரும் லாரி டிரைவர்தான். மற்ற விஷயங்களில் விவரமானவர், இதில் மட்டும் அவர்களோடு சேர்ந்துகொள்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

1970களின் தொடக்கத்தில் தேளுக்கு வயதாகிவிட்டது தெரிந்தது. முதலில் மினுமினுப்புப் போய், தேய்ந்த செருப்பு மாதிரி வெளிறியது. ஒரு பக்கத்துக் கால்களை இழுத்து இழுத்து நடந்தது. கரப்பான் பூச்சியைப் பிடித்துப் போட்டால், பூச்சி அதன் முதுகின்மேலேயே ஏறிப் போகும். இது சும்மா கிடக்கும். தண்ணீருக்காக வைத்த ஈரப் பஞ்சை மட்டும் தேடி வரும். கடைசியில் வாலும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. எவ்வளவு தட்டினாலும் எழவில்லை. டிரைவர்களின் முகம் சுருங்கிவிடும். டீயைக் குடித்துவிட்டு அந்த முகத்தோடேயே கிளம்புவார்கள்.

ஒரு காலையில் பார்த்தால் வால் நிமிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். அப்பா தீக்குச்சியை முட்டுக்கொடுத்து, பஞ்சர் சொல்யூஷன் வைத்து ஒட்டியிருக்கிறார்.

கேட்டதற்கு, "தைரியமாப் போவட்டும்மா, வுடு" என்றார்.

அன்றே என் வீட்டுக்காரர் கல் லோடு ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத நம்பிப் போவாதீங்க. அப்பா வால ஒட்டி வெச்சிருக்காருங்க."

"தெரியும். சொல்யூஷன் வாசம் வருதே."

"தெரிஞ்சுமா போறீங்க?"

"பிரேக் சரியா புடிக்கறதில்ல. ஓனரு மாத்தித் தரமாட்டேங்கறாரு. லோடு போவலைன்னா வூட்ல அடுப்பு எரியுமா? எதையாச்சும் பாத்துட்டுத்தான போவணும்."

அதுவரை பிரேக் பற்றி என்னிடம் அவர் மூச்சுவிட்டதில்லை. அந்த ஓனரை நினைத்துப் பற்றிக்கொண்டு வந்தது. இறக்கத்தில் வண்டிச் சத்தம் தேயும்வரை அங்கேயே நின்றேன். அந்த முறை திரும்பி வந்தார். பிறகும் பலமுறை வந்தார்.

ஐப்பசி மழையில் தேள் செத்தது. அப்பா அதைப் புதைத்துவிட்டு, பெட்டியை மட்டும் அங்கேயே விட்டிருந்தார். அடுத்த லோடோடு என் வீட்டுக்காரர் வந்தபோது ரோடெல்லாம் ஈரம். தேள் இல்லையென்று நான் சொல்லியும், வெறும் பெட்டியைத் தட்டினார், உள்ளே பார்த்தார், ஏறிப் போனார். திரும்பி வரவில்லை.