மாமா கல்யாணம் டிவியில் உருண்ட நாள்

டிவிக்குள் "எறும்பு" ஓடும் சத்தம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? சிக்னல் கிடைக்காத திரையில் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் கொதிக்க, கூடவே ஈர விறகு அடுப்பில் சீறுகிற மாதிரி ஓர் இரைச்சல் வருமே, அதற்கு எங்கள் வீட்டில் வைத்திருந்த பெயர் அது. கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம், மரவள்ளிக் காட்டு நடுவில் இருந்த அந்த வீட்டில், நான் ஏழாவது படித்த வருசம், அந்த எறும்புகளோடு நாங்கள் மூன்று பேரும் காலையிலிருந்து மத்தியானம் வரை மல்லுக்கட்டினோம்.

அம்மாவுக்கு ஒரே தம்பி, எங்கள் மாமா; அவருக்குக் கல்யாணம் வைத்திருந்தது. எங்கள் சொந்தத்தில் தாலியின் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போட, மூன்றாவதை அவருடைய அக்கா போட வேண்டும். அதற்காகவே அம்மா அரக்கு நிறத்தில் புடவை எடுத்து, ஒரு மாதமாக மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்கு "அம்மை போட்டது". அம்மை வந்த வீட்டிலிருந்து கல்யாணப் பந்தலுக்குப் போகக் கூடாது. அப்பா அதற்கு முன்பே கல்யாண வேலைக்காகச் சேந்தமங்கலத்துக்கு இறங்கிவிட்டதால் அவர் தப்பித்தார். அம்மா மட்டும் என்னை வேப்பிலையில் படுக்க வைத்து, மாமா தாலி கட்டுகிற நேரத்தில் எனக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

எனக்கு மூன்றாவது தண்ணி ஊற்றி, தழும்பெல்லாம் காய்ந்தும் மாமா எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கீழேயிருந்து கல்யாண டிவிடியும், இரவல் வாங்கிய பிளேயரும், கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்தார்: "அக்கா இதைப் பாத்துட்டுக் கூப்பிடட்டும், அப்பறந்தான் மலைக்கு வருவேன்னு மச்சான் சொன்னாரு."

அம்மா முகம் செத்துவிட்டது. "கோவம்தானுங்க அவனுக்கு. வேற யாரையோ முடிச்சுப் போட வெச்சிருக்கான், அதைக் கண்ணால பாருங்கறான்," என்றாள். அப்பா குனிந்து ஒயரைப் பிரிக்க ஆரம்பித்தார். அப்போது தினமும் இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

ஒயர் மூன்று: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. டிவியின் முதுகில் ஓட்டை இரண்டுதான், மஞ்சளும் வெள்ளையும். சும்மா தொங்குகிற சிவப்பைப் பார்க்க அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அதையும் ஆன்டெனா ஒயர் போகிற இடத்தில் திணிக்கப் பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஸ்விட்சைப் போட்டால் எறும்பு ஓடியது.

படம் வராவிட்டால் எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "கண்ணு, ஏறு," என்றார் அப்பா. பலா மரத்து உச்சியில் மூங்கில் கட்டி வைத்திருந்த ஆன்டெனாவை நான் கிழக்கே திருப்பினேன், மேற்கே திருப்பினேன். வாசலில் நின்ற அப்பா உள்ளே கேட்டு எனக்குக் கத்தினார்: "எறும்புதான் கண்ணு. இன்னுங் கொஞ்சம்." என்னால் கெட்டதை நானே சரிசெய்துவிட வேண்டும் என்ற வெறியில், பிசின் ஒட்டிய கையோடு கால்மணி நேரம் திருப்பியிருப்பேன்.

கடைசியில் அம்மாதான் வெளியே வந்தாள். "ஏனுங்க, படம் அந்தப் பொட்டிக்குள்ள இருக்குது, பொட்டி ஊட்டுக்குள்ள இருக்குது. புள்ளைய எதுக்கு மரத்துல ஏத்தி வுட்டீங்க? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு."

இறங்கி ஓடிவந்து டிவியின் அடியில் இருந்த பொத்தானை ஒவ்வொன்றாக அமுக்கினேன். 'ஏவி' என்று மூலையில் எழுத்து வந்ததும் திரை பளிச்சென்று மாறி, மாமா வந்தார். ஆனால் எப்படி வந்தார்? கறுப்பு வெள்ளையில், கீழிருந்து மேலே உருண்டு உருண்டு. மணமக்களின் கால் மேலேயும் தலை கீழேயுமாகப் போக, அப்பா டிவியின் தலையில் நாலு தட்டுத் தட்டினார். அப்போதும் உருண்டது.

பிளேயரின் ரிமோட்டில் 'செட்டப்' என்று ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஏழாவது இங்கிலீசை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துப் போனேன். டிவி டைப் என்ற இடத்தில் என்டிஎஸ்சி என்று இருந்தது; கீழே, நம் ஊர் டிவிக்கு வேண்டிய பிஏஎல் மங்கலாக இருந்தது. அதைத் தொட்டால் மாற மாட்டேன் என்கிறது. அழுகையே வந்துவிட்டது. எரிச்சலில் டிஸ்க்கை நிறுத்தினேன். நிறுத்தியதும் அந்த வரி தெளிந்தது. அமுக்கினேன். மறுபடி ஓடவிட்டபோது படம் அசையாமல் நின்றது, மாமாவின் பட்டு வேட்டிக் கரை பச்சை, மாலையில் ரோஜா சிவப்பு. நான் குதித்த குதியில் பக்கத்தில் இருந்த தகர டப்பா உருண்டது. மணி ஒன்றே முக்கால்.

தாலி வந்தது. மாமா ஒரு முடிச்சுப் போட்டார், இன்னொன்று போட்டார். மாமாவுக்கு அக்கா முறையான, அம்மாவின் பெரியம்மா மகள் மூன்றாவதைப் போட முன்னே வந்தாள். மாமா தலையை ஆட்டி அவள் கையைத் தடுத்து, ஏதோ சொன்னார். வீடியோக்காரர் மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அதற்குள் அட்சதை விழுந்துவிட்டது.

"ரெண்டுதான் போட்டிருக்கான்," என்றாள் அம்மா. "திருப்பிப் போடு சாமி." போட்டேன். அவள் எழுந்துபோய்த் திரைக்கு ஒரு சாண் தள்ளி நின்று பார்த்தாள். "எனக்குன்னு வெச்சிருக்கான்," என்றாள். மூன்றாம் தடவை போட்டபோது கரண்ட் போய்விட்டது. இருண்ட டிவி முன்னால் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவுக்கு எல்லாம் முன்பே தெரியும், மாமா சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்ததும் அவருக்குக் கிடைத்த ஏச்சு சாதாரணமானதல்ல.

அந்த வெள்ளிக்கிழமை மாமாவும் அத்தையும் பஸ் ஏறி மலைக்கு வந்தார்கள். அரக்குப் புடவை கட்டிக்கொண்டு அம்மா அந்த முடிச்சைப் போட்டாள். விளக்கை ஏந்திப் பக்கத்தில் நின்றது நான்.

இப்போது அந்தப் பிளேயர் எங்கே போனதோ, ஆன்டெனா கட்டிய மூங்கிலும் இல்லை. போன மாதம் மாமா மகளின் கல்யாணம். என்னால் போக முடியவில்லை. ஆபீசில் உட்கார்ந்தபடியே போனில் லைவ் பார்த்தேன். படம் ஒரு தடவைகூட உருளவில்லை, உருண்டால் சரிசெய்யவும் ஒயர் எதுவும் இல்லை. வர முடியாதவர்கள் எல்லோரும் இப்போது இப்படிப் பார்த்துக்கொள்கிறோம். அதனால் யாருக்காகவும் யாரும் ஒரு முடிச்சை விட்டுவைப்பதில்லை.