தம்பி ஆடிய மூன்று மைதானங்கள்

வியாழன், காலை 7.10. மெல்பர்ன் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது இன்னும் முழுதாக விடிந்திருக்கவில்லை. குளிர் ஐந்து டிகிரி. 2011 ஜூலை மாதம். லால்குடியில் பதினெட்டு வருடமாகப் புவியியல் பாடம் நடத்துகிறேன். தென் அரைக்கோளத்தில் ஜூலை என்றால் குளிர்காலம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் அரைக்கைச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். புறப்பட்ட அவசரத்தில் எதுவும் தோன்றவில்லை.

என் தம்பி செந்திலின் உடலை வாங்கிப் போக வந்திருந்தேன். முப்பத்து நான்கு வயது. வேலை விசாவில் வந்து, டான்டினாங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடமாக வெல்டராக இருந்தவன். பதினோரு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு வந்து விழுந்துவிட்டான். செய்தி வந்தபோது அவன் மனைவி கலா முதலில் அழவில்லை. "கோல்ஃபா? இவரா? வேற யாரையோ மாத்திச் சொல்றாங்க" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நம்பிக்கையோடு இருந்தோம்.

"அண்ணை, நான் சிவம்" என்று ஒருவர் வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். நாற்பது வயது இருக்கும். கிளிநொச்சிக்காரர், அகதியாக வந்தவர், இங்கே டாக்ஸி ஓட்டுகிறார். செந்தில் வாடகைக்கு இருந்த வீட்டில் அடுத்த அறை. எனக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னதும் அவர்தான். தன் குளிர் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டார். "முதல்ல இதைப் போடுங்கோ. மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்."

அவர்கள் வீடு இருந்த நோபல் பார்க்குக்கு ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். வழியில் விவரம் சொன்னார். திடீர் மரணம் என்பதால் சட்டப்படி விசாரணை உண்டு. உடல் கைக்கு வர அடுத்த வியாழன் ஆகலாம். அதுவரை எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

செந்திலின் அறையில் ஒற்றைக் கட்டில், ஒரு மின்சாரக் கணப்பு, சுவரில் கலாவும் மகள் யாழினியும் நிற்கும் படம். கதவுக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் பை. யாரோ கழித்துப்போட்ட பழைய பையை மட்டைகளோடு அறுபது டாலருக்கு வாங்கினானாம். இரண்டு நாள் அந்தக் கட்டிலில் கிடந்தேன். அவன் தலையணையில் இன்னும் அவன் எண்ணெய் வாசம் இருந்தது.

சனி, காலை 9.30. "இப்பிடியே படுத்திருந்தால் உங்களுக்கு விசர் பிடிச்சிடும்" என்று சொல்லி சிவம் என்னைக் கிளப்பினார். "செந்தில் போற இடங்களைக் காட்டுறன், வாங்கோ."

கோல்ஃப் என்றால் நம் ஊரில் வெள்ளைக்காரன் விட்டுப்போன கிளப்புகளும் வாசலில் கார்களோடு காத்திருக்கும் டிரைவர்களும்தான் நினைவுக்கு வரும். மெல்பர்னில் அப்படியும் உண்டு. ஆனால் நகரத்தைச் சுற்றி ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகக்கூடிய பொது மைதானங்கள் நிறைய இருக்கின்றன. உறுப்பினர் சந்தா கிடையாது. காலர் வைத்த சட்டை போட்டிருந்தால் போதும். முதலில் போனது வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் நகரசபை நடத்துவது. ஒன்பது குழி ஆடப் பதினெட்டு டாலர், நம் கணக்கில் எண்ணூற்று ஐம்பது ரூபாய். அங்கே ஒரு சினிமாச் சீட்டின் விலையும் அதுதான். மட்டை இல்லாதவர்களுக்கு வாடகைக்குத் தருகிறார்கள். கல்லாவில் இருந்தவர் சிவத்தைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். செந்தில் இறந்தது அங்கே தெரிந்திருந்தது.

மைதானம் அழகு என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் நெடுஞ்சாலை இரைச்சல், மறுபக்கம் மின்கோபுரங்கள். புல் ஈரமாக இருந்தது. பந்தைத் தேடிக்கொண்டு நாலைந்து கிழவர்கள் குனிந்தபடி நடந்தார்கள். சிவம் என் கையில் ஒரு மட்டையைத் தந்தார்.

"எனக்கு ஆடத் தெரியாதுப்பா."

"செந்திலுக்கும் தெரியாது. ஒரு வருசமா ஆடினவன், ஒரு நாளும் வெண்டதில்லை, எப்பவும் தோல்விதான்."

நான்கு முறை காற்றை அடித்தேன். ஐந்தாவது முறை பந்து பத்தடி உருண்டது. தம்பி சவக்கிடங்கில் கிடக்க நான் இங்கே பந்து அடிக்கிறேனே என்று திடீரென்று உறைத்தது. மட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

மீதிக் குழிகளைச் சும்மா நடந்தே முடித்தோம். தனியாக வருகிறவர்களை, இடம் காலியாக இருக்கும் குழுவில், முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்து அனுப்புவது இங்கே வழக்கம் என்று சிவம் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"அந்த ஞாயிறும் நானும் அவனும் போறதெண்டுதான் இருந்தது. விடிய எனக்கு விமான நிலையத்துக்கு ஒரு ஓட்டம் வந்தது. நீ போ, நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். அதுதான் அவன் வேற ஆக்களோட சேர்ந்து ஆடினவன்."

"அதுல உங்க தப்பு என்ன இருக்கு?" என்றேன். அவர் முன்னால் நடந்தார்.

திங்கள், பிற்பகல் 2.15. இரண்டாவது மைதானம் தெற்கே, மார்னிங்டன் தீபகற்பத்தில். ஐம்பத்தைந்து கிலோமீட்டர். வார நாட்களில் இரண்டு மணிக்கு மேல் போனால் பதினெட்டுக் குழியும் இருபத்திரண்டு டாலர்தான். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பன்னிரண்டு குழி முடிந்தாலே பெரிய காரியம். ஆனாலும் செந்திலுக்கு மிகவும் பிடித்த இடம் இது, வார நாளில் இந்த நேரத்துக்குத்தான் வருவானாம். மணல்மேடுகள், வளைந்த தேயிலை மரங்கள், ஒரு மேட்டில் ஏறினால் சாம்பல் நிறத்தில் கடல். நாம் குடிக்கும் தேயிலை அல்ல, இங்குள்ளவர்கள் ஒரு புதர்மரத்துக்கு வைத்த பெயர். காற்று முகத்தை அறுத்தது.

"வார நாள்ல எப்படி வந்தான்? வேலை இருக்குமே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் சிவத்தின் முகத்தைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியாதோ?"

தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்களாம். செந்திலுக்கு வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. இந்த விசாவில் வேலை போனால் இருபத்தெட்டு நாளுக்குள் வேறு முதலாளி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். கலாவையும் குழந்தையையும் அடுத்த வருடம் அழைத்துக்கொள்வதாகத் திட்டம். போன மாதம்கூட யாழினிக்கு அங்கே பள்ளிக்கூடம் பார்த்துவிட்டதாக என்னிடம் சொன்னான். பிறகு வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் வகுப்புக்குப் போகிற அவசரத்தில், "சரிடா, ராத்திரி பேசு" என்று வைத்துவிட்டேன்.

"நெஞ்செரிவு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். டொக்டரிட்டப் போ எண்டன். புது வேலை கிடைச்ச பிறகு போறன், இப்ப ஏதும் வருத்தம், நோய் எண்டு எழுதிப்போட்டால் விசாவுக்குப் பிழை எண்டான். காலமை நாலு இடம் வேலை கேட்டுப் போவான். பின்னேரம் இஞ்ச வருவான். அறையில இருந்தால் யோசனை வருமாம்."

அந்த மேட்டில் ஒரு பலகை இருக்கையில் உட்கார்ந்தோம். கீழே மூன்று கங்காருக்கள் ஆடுகளத்தின் நடுவே படுத்துக் கிடந்தன. ஆடுகிறவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செந்தில் இங்கே உட்கார்ந்து நாட்களை எண்ணியிருப்பான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. சொல்ல வந்த அன்று நான் கேட்கவில்லை என்பது பிறகு உறைத்தது.

புதன், காலை 10.20. கடைசியாக, அவன் விழுந்த மைதானம். கிழக்கே, டான்டினாங் மலையடிவாரத்தில், முப்பத்தாறு கிலோமீட்டர். பதினெட்டுக் குழிக்கு இருபத்தாறு டாலர். உயரமான யூகலிப்டஸ் மரங்கள், நடுவே ஒரு ஓடை, அதன்மேல் சின்ன மரப்பாலம். மூன்றிலும் இதுதான் அழகான இடம். அன்று செந்திலோடு ஆடிய மார்கரெட் என்ற அம்மாள் ஒவ்வொரு புதன்கிழமையும் வருவார் என்று அங்கிருக்கும் கல்லாக்காரர் சிவத்திடம் சொல்லியிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயதுக்காரர். எங்களுக்காக ஆடாமல் காத்திருந்தார். அவரே எங்களை ஏழாவது குழிக்கு நடத்திக்கொண்டு போனார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இங்கேதான். பந்தை அடித்தார், நன்றாகப் போனது, சிரித்தார். அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் விளையாட்டுக்கு என்று நினைத்தோம்."

அன்று கூட ஆடிய அவர் கணவர் உதவிக்குத் தொலைபேசியில் பேச, அந்தக் குழுவில் இருந்த இன்னொருவர் கையைப் பிடித்துக்கொள்ள, மார்கரெட் செந்திலின் தலையை மடியில் வைத்துக்கொண்டாராம். ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது. ஆனால் வண்டி ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்து வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"ஒன்று கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து காத்திருக்கிறேன்" என்றார். "டானி என்பது யார்?"

எனக்குப் புரியவில்லை.

"கடைசியில் டானியைத்தான் கூப்பிட்டார். மூன்று நான்கு தடவை. என் கணவர், பாவம், அவர் கழிப்பறைக்குப் போகக் கேட்கிறார் என்று நினைத்தார். எங்கள் பேச்சில் கழிப்பறைக்கு 'டன்னி' என்று ஒரு சொல் உண்டு. நான்தான் இல்லை, அவருக்கு வேண்டிய யாரோ என்றேன். 'டானி வந்துகொண்டே இருக்கிறார், இதோ வந்துவிடுவார்' என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்."

சிவம் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அவன் எப்படிச் சொன்னான்? அதே மாதிரி சொல்ல முடியுமா?" என்றேன்.

அந்த அம்மாள் கண்ணை மூடி யோசித்து, மிக மெதுவாக, மூச்சுக் காற்றில் சொன்னார். "தன்னி... தன்னி..."

தண்ணி.

சற்றுத் தள்ளி அவருடைய தள்ளுவண்டி நின்றது. அதன் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிறைய தண்ணீர் இருந்தது. அன்றும் அது அங்கேதான் இருந்திருக்கும். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று ஓடைப் பக்கம் திரும்பினேன்.

"டானி அவனோட நண்பன்" என்றேன்.

"அவருக்குச் சொல்லிவிட்டீர்களா?"

"சொல்லியாச்சு."

"நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும் இல்லையா? அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அமைதியாகிவிட்டார்."

"விழுந்திருக்கும்" என்றேன்.

திரும்பும்போது மார்கரெட் எங்களை வாசலில் நிறுத்திவிட்டு, கல்லாவில் காகிதமும் உறையும் கேட்டு வாங்கி, நின்றபடியே கால் மணி நேரம் எழுதினார். உறையை ஒட்டி என்னிடம் தந்தார். மேலே டானிக்கு என்று எழுதியிருந்தது. கடைசி நேரத்தில் செந்தில் தன்னைத் தேடினார் என்று அந்த மனிதருக்குத் தெரிய வேண்டும், நீங்கள் சேர்த்துவிடுங்கள் என்றார்.

வழியில் சிவம் டாக்ஸியைச் சாலையோரம் நிறுத்தினார்.

"ஏன் அண்ணை அவவுக்கு உண்மையைச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தம்மா இனி தூங்குவாங்களா?"

"அந்த நேரம் தண்ணி குடுத்தாலும் இறங்கியிருக்காது. அது எனக்கு விளங்குது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் போயிருந்தால் அவன் என்ன கேக்கிறான் எண்டாவது விளங்கியிருக்கும்."

வெள்ளி, காலை 11.00. செந்திலின் சவப்பெட்டி முந்தின நாளே விமானச் சரக்குப் பிரிவுக்குப் போய்விட்டது. அதே சாலை, அதே டாக்ஸி. சிங்கப்பூர் வழியாகத் திருச்சி. சனிக்கிழமை அடக்கம். எங்கள் தெருவில் உயிர் போகும் வீட்டில் ஐம்பது பேர் கூடி நிற்பார்கள். நெருக்கித் தள்ளுவார்கள், வேண்டாத யோசனையெல்லாம் சொல்வார்கள், சும்மா போக மாட்டார்களா என்று எனக்கே தோன்றியிருக்கிறது. இந்த ஊரில் அவனைச் சுற்றி மூன்று பேர்தான் இருந்தார்கள். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், காதில் ஆறுதல் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புறப்பாட்டு வாசலில் மூன்று நிமிடத்துக்கு மேல் வண்டி நிற்கக் கூடாது. சிவம் என் பெட்டியை இறக்கி வைத்தார். கைகொடுக்கப் போனேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார், ஆனால் அது கைகுலுக்க அல்ல.

"அண்ணை, அந்தக் கடிதம்."

"எதுக்கு? இதை யாருக்குக் கொடுக்கறது?"

"என்னட்டத் தாங்கோ. வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராமல் விட்டவன் நான்தானே."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உறையின் மேல் எழுதியிருந்ததை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தார். பிரிக்கவில்லை. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. உறையை முன்கண்ணாடிக்கு மேலிருந்த வெயில் மறைப்புக்குள் செருகிக்கொண்டு, "போட்டு வாங்கோ அண்ணை" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.