வாழைமரத்துக்குப் பின்னால் அத்தை

ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் ராசிபுரத்திலேயே பெரிய முட்டாள் யார் என்று யாராவது தேடியிருந்தால், நேராக எங்கள் அப்பாவின் லாரி புக்கிங் ஆபீசுக்கு வந்திருக்கலாம். நான் அங்கேதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிஎன்ஜி படத்துக்குப் பின்னணி இருக்காது என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவுதானே என்று, ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் வாலில் இருந்த ஜேபிஜியை அழித்துவிட்டு பிஎன்ஜி என்று அடித்தேன். அடித்துவிட்டுப் பின்னணி மறைவதற்காகக் காத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு என்று போர்டு மாட்டிவிட்டு, குளிரப் போகிறது என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற கதைதான்.

என் இரண்டாவது சாதனை, டிரைவர் அண்ணன் ஒருவர் லைசென்சுக்குக் கொடுக்க வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் படம். அவர் கன்னத்தில் இருந்த மச்சத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். நிறத்தையும் நாலு படி ஏற்றினேன். "அந்த மச்சந்தான் சாமி எனக்கு அங்க அடையாளம்! இதக் கொண்டுபோனா நான் நானே இல்லீனு தொரத்தி உட்ருவாங்க" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இப்படியே நாசம் செய்து செய்து எனக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. ஜேபிஜி என்பது சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் ஒரே இலையில் ஊற்றிப் பிசைந்தது. பிறகு ரசத்தை மட்டும் தனியாக எடு என்றால் கடவுளாலும் முடியாது. போட்டோஷாப்பில் சேமிக்கிற பிஎஸ்டி அப்படியில்லை. அது டிபன் கேரியர். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடுக்கில் தனித்தனியாக இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு கண் உண்டு. அதை அமுக்கினால் கண் மூடிக்கொள்ளும், அந்த அடுக்கு திரையிலிருந்து மறையும். ஆனால் ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கும். இது தெரிந்த நாளில் ஊரையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி நடந்தேன்.

அடுத்த லீவில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் வந்தது. மண்டப வாசலில் வைக்கும் பேனரை நானே செய்கிறேன் என்று மார் தட்டினேன். சித்தப்பா வாய் நிறையச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருந்தது. கோயில் பண்டிகையில் எடுத்தது. கட்டம் போட்ட சட்டையில் சித்தப்பா. அவர் தோள்மேல் கை போட்டபடி பக்கத்தில் அத்தை.

அத்தை அப்பாவுக்குத் தங்கச்சி, சித்தப்பாவுக்கு அக்கா. ஜேடர்பாளையத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஒருவரை, எங்கள் சாதி இல்லை என்று தெரிந்தே, தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவர். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய இணைச்சீரைக்கூட, ஒன்றுவிட்ட முறையில் வேறொரு அக்காவை வைத்துச் செய்துகொள்ளலாம் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார்.

"அத்தையக் கூப்பிடலீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"உன்னைப் படத்தப் பண்ணச் சொன்னா படத்த மட்டும் பண்ணு. அவள அதுலிருந்து எடுத்துரு."

எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் எடுத்தேன். முடி முடியாகச் சுற்றி வெட்டி அத்தையைத் தனி அடுக்காக்கி, கண்ணை மூடினேன். கலைஞனுக்குக் கர்வம் வந்துவிட்டால் யாரை வெட்டுகிறோம் என்று தெரியாது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இந்தக் கை யாருதுடா?"

அத்தை போய்விட்டார். அத்தையின் கை மட்டும் சித்தப்பா தோளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வளையலோடு.

"கையையும் எடு."

கையையும் வெட்டி அத்தையின் அடுக்கில் சேர்த்தால் தோளில் பள்ளம் விழுந்தது. பக்கத்துக் கட்டத்தை நகல் எடுத்து ஒட்டினால், சித்தப்பா சட்டையைத் திருப்பிப் போட்டவர் மாதிரி இருந்தார். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, அப்பாவே ஒரு வழி சொன்னார். "அந்த எடத்துல ஒரு வாழமரத்தப் போட்டுரு. கல்யாணத்துக்கும் பொருத்தமா இருக்கும்."

போட்டேன். குலையும் பூவுமாக ஒரு வாழைமரம் அத்தை நின்ற இடத்தில் நின்றது. அதன் இலை ஒன்று தோளை மறைத்தது. "இப்பத்தான் படம் லட்சணமா இருக்குது" என்று அப்பா என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில்தான் எனக்குச் சுருக்கென்றது. கணக்கில் நான் முட்டை வாங்கியபோது தெருவே சிரித்தது. அத்தை மட்டும்தான், "எம் மருமகன் முட்டைதான வாங்குனான், உங்க ஊட்டுக் கோழியவா திருடுனான்?" என்று இடுப்பில் கை வைத்து நின்றார். அப்படிப்பட்டவரைவிட ஒரு வாழைமரம் லட்சணமாமா?

பென் டிரைவை எடுத்துக்கொண்டு பிளக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் டிசைன் பார்க்கும் அண்ணன் ஃபைலைத் திறந்து, அடுக்கு அடுக்காகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

"என்ன சாமி, வாழமரத்துக்குப் பின்னால ஒருத்தங்க கண்ண மூடிட்டு நிக்கறாங்க?"

"எங்க அத்தைங்க."

"வேண்டாத லேயரா? அழிச்சுட்டு டிஃப் ஆக்கிரட்டுமா?"

டிஃப் என்பது அச்சுக்குப் போகிற வடிவம். எல்லா அடுக்கையும் ஒன்றாக்கி அதில் ஏற்றிவிட்டால், அத்தை இனி எந்தக் கண்ணைத் திறந்தாலும் வரமாட்டார். அப்பாவின் கை எவ்வளவு கனம் என்று என் முதுகுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன்:

"அத்தைய விட்ருங்கண்ணா. வாழமரத்த அழிச்சுருங்க."

"அப்பாகிட்டக் கேட்டியா?"

"டிசைன் பண்ணது நானுங்க. அவரையா கேட்கோணும்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாழைமரத்தின் கண்ணை மூடி, அத்தையின் கண்ணைத் திறந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு மேல் பேனர் ஏறியது. தம்பி தோளில் கை போட்டபடி அத்தை ஊருக்கே சிரித்தார். மாலைப் பெட்டியோடு வேனிலிருந்து இறங்கிய அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் போன நிறத்தைத் திருத்த எந்த மென்பொருளிலும் வழியில்லை. அவிழ்க்கச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, தங்கச்சியும் வருதாட்ட இருக்குது! நல்ல காரியம் பண்ணுனீங்க. கூடப் பொறந்தவ இல்லாம அதென்னங்க இணைச்சீரு?"

பின்னாலேயே இன்னும் நாலு பேர். எல்லார் முன்னாலும் இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு எழவில்லை. "ம்… வருமுங்க" என்றார். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னார். சிரித்துக்கொண்டே என் பக்கம் வந்து காதைத் திருகினார்.

"வாழமரம் எங்கடா?"

"வாசல்ல ரெண்டு கட்டியிருக்குதுங்கப்பா."

திருகல் இன்னொரு சுற்று ஏறியது. எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் நான் தலையைக் குனியவில்லை. ஜெயித்தவன் எதற்குக் குனிய வேண்டும்?

சித்தப்பா புது வேட்டியில் வந்து பேனரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். தன் போனை எடுத்து நம்பரைப் போட்டு, "நீயே பேசு" என்று என் கையில் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போய்விட்டார். அந்த நம்பர் அவரிடம் எப்படி இருந்தது, அக்காவைக் கூப்பிட அவருக்கே வாய் இருக்கையில் என் வாயை எதற்குக் கடன் கேட்டார் என்றெல்லாம் யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. படத்தில் ஆளைக் கொண்டுவந்துவிட்டால், ஆளும் வந்துவிடுவார் என்று நம்பிய புத்தி அது. அத்தை குரல் கேட்டதும் கத்தினேன்:

"அத்தை, சீக்கிரம் கிளம்பி வாங்க! நாளைக்கு நீங்கதான் இணைச்சீரு செய்யறீங்க. நீங்க வாரீங்கன்னு அப்பாவே சொல்லிட்டாருங்க!"

"யாருகிட்டச் சொல்லுச்சு எங்கண்ணன்?"

"கேட்டவங்க எல்லார்கிட்டயுங்கத்தை! வந்தவங்க ஒருத்தர் பாக்கியில்ல!"

"அப்ப அவங்களையே சீரு செய்யச் சொல்லு."