அம்மாவின் இரண்டாவது கலியாணம்

அப்பாவும் அம்மாவும் கலியாணம் கட்டியபோது எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்காத பாக்கியம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். போன கிழமை என் மகள் தன் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வரச்சொல்லிக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "அம்மா, ஒரு சைன்தானே, வட் இஸ் தேர் டு திங்க்?" என்று சிரித்தாள். அவளுக்கு இந்தக் கதையை நான் சொன்னதில்லை.

அந்த ஒன்பது வயதில் நானும் அப்பாவும் ஆஸ்திரேலியாவில், டண்டினொங் என்ற ஊரில், ஒரு வெள்ளைக்கார மூதாட்டியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். அம்மா யாழ்ப்பாணத்தில். இராணுவம் பிடித்துவைத்திருந்த தன் தம்பி வெளியே வராமல் ஊரைவிட்டு அசையமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அப்பா தொழிற்சாலையிலிருந்து திரும்பும்வரை நான் வீட்டுக்கார அன்ரியின் குசினி மேசையில் இருப்பேன்.

அன்ரியின் முன்னோர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு வயல்சூழ்ந்த கிராமத்தவர்கள். அந்த ஊர்த் தேவாலயத்தின் பழைய விவாகப் பதிவுகளைப் பிரதி எடுத்துத் தபாலில் வரவழைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்து அழகாகத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார். பெயர்களை நான் வாசிப்பேன். ஏர் பிடித்தவன் பால் கறந்தவளைக் கட்டியிருந்தான். கொல்லன் ஒரு விதவையைக் கட்டியிருந்தான். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைபோலக் கீறிவிட்டுப் போயிருந்தார்கள். ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட்டு, பிள்ளை முந்திக் கலியாணம் பிந்திய மணப்பெண்களைக் கண்டுபிடிப்பதில் அன்ரிக்குத் தனி ருசி. அப்படியொருத்தி அகப்பட்டால் நாக்கால் 'த்சு' கொட்டுவார். நானும் கூடவே கொட்டுவேன்.

மாமாவை இராணுவம் விட்டதும், அம்மாவை ஆஸ்திரேலியாவுக்கு எடுப்பிக்க அப்பா அன்ரியிடம்தான் உதவி கேட்டார். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கலியாணம் நடந்த கோயிலுக்கு எழுதிப்போடு, பதிவை எடுத்து அனுப்புவார்கள் என்றார். எங்கள் ஊர்க் கோயில்களில் அப்படி ஒரு புத்தகமே கிடையாது. வசதியில்லாத இரண்டு குடும்பங்கள். ஒரு பின்னேரம் நாலு உறவினர் முன்னிலையில் அப்பா தாலி கட்டினார், அம்மா தன் கையால் அவருக்குச் சோறு போட்டாள். சோறு கொடுப்பித்தல் என்று அதற்குப் பெயர். அதற்குமேல் ஊர் எதையும் கேட்டதில்லை. எழுத்தை, அதாவது கலியாணப் பதிவை, பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள், விட்டதுதான்.

"ஏர் பிடித்தவனுக்கே பதிவு இருக்கிறதே, உங்களுக்கு இல்லையா?" என்று அன்ரி நம்பாமல் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பி, "எங்கட சனத்துக்குத் தெரியும். அது காணாதாமோ இவைக்கு?" என்று சிரித்தார்.

காணாதுதான், இங்கே அது போதவில்லை. மனைவி என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாததால், இனிமேல் கட்டப்போகிற பெண் என்று சொல்லி எடுப்பதே வழி என்று விண்ணப்பம் நிரப்பித் தருகிற ஒருவர் சொல்லிவிட்டார். கொழும்புக்கு வந்து நின்ற அம்மாவுடன் அப்பா தொலைபேசியில் கதைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"வேற வழியில்லையப்பா. கழட்டிப் பைக்குள்ள வையும். பிளேன் ஏறேக்க கழுத்தில கிடக்கப்படாது."

அம்மா நல்ல வெயில் காலத்தில் வந்து இறங்கினாள். அப்படியும் கழுத்தைச் சுற்றிச் சால்வை. நான் விளையாட்டாக இழுத்தபோது கையைத் தட்டிவிட்டாள். அவள் என்னை அடித்தது அதுவே முதல்தடவை.

பதிவு நாளன்று எனக்குப் புதுச் சட்டை. அலுவலர் இனிமையாகச் சிரித்து ஏதோ கேட்டார். அப்பா மொழிபெயர்த்தார்.

"முந்திக் கலியாணம் கட்டினனீரோ எண்டு கேக்கினம். இல்லையெண்டு சொல்லும்."

அம்மா அவரையே பார்த்தாள். "உங்கட வாயால நீங்களே என்னை அப்பிடிச் சொல்லச் சொல்லுறியளோ?"

அலுவலர் பேனாவை நீட்டியபடி இருந்தார். வீட்டில் அன்ரி செய்துவைத்த கேக் என் நினைவில் இருந்தது. "அம்மா, கெதியாச் சொல்லுங்கோ!" என்றேன்.

"நோ," என்றாள் அம்மா. அவள் ஆங்கிலம் பேசி நான் கேட்ட முதல் சொல். சாட்சிக்கு வந்திருந்த அன்ரி கைதட்டினார். நானும் தட்டினேன்.

கேக் வெட்ட ஆயத்தம் செய்யவேண்டுமென்று அன்ரி தன் காரில் முந்திப் போய்விட்டார். எங்கள் காரில் ஏறியதும் அப்பா அம்மாவின் பையைத் திறந்து தாலியை எடுத்தார். "இஞ்சாரும், இப்பவே கட்டிவிடுறன்."

அம்மா சால்வையை இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம். நீங்கள் இண்டைக்குத்தானே என்னைக் கட்டினனீங்கள். இது வேற ஆரோ கட்டினது."

"ஆரம்மா கட்டினது?" என்று பின்னிருக்கையிலிருந்து கேட்டேன். அப்பா தாலியைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டுக் காரை எடுத்தார். அம்மாவுக்கு ஊரில் தாலி கட்டிய அந்த ஆள் யாராக இருக்கும், அவருக்கு நாங்கள் இங்கே இருப்பது தெரியுமா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.