துப்புதா, சுடுதா?

படகு மோட்டாருக்குச் சூடு ஏறிப்போச்சுன்னு யாராவது வந்து நின்றால் நீங்கள் முதலில் எங்கே பார்ப்பீர்கள்? நான் அதன் பக்கவாட்டு ஓட்டையைப் பார்ப்பேன். ஓடும்போது மோட்டார் அடியில் ஏரித்தண்ணியை உறிஞ்சி, உள்ளே குளிரவைத்து, கொஞ்சத்தை அந்த ஓட்டை வழியாகத் துப்பும். துப்புவது நின்றால் ஆபத்து. ரிப்பேர் கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா? மோட்டார் பொய் சொல்லாது, தூக்கிக்கொண்டு வருகிறவர்தான் சொல்லுவார்.

வீட்டுக்காரர் ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து புலிகாட் ஏரிக்கரைக் கடை என் பொறுப்பு. இடுப்பில் பாப்பா, கையில் ஸ்பானர். போன வருஷம் என்னை அதிகம் படுத்தியவர் எதிராஜ் அண்ணா. ஏரிக்குள் தீவில் வீடு, ஒரே படகு, ஒரே மோட்டார். மருமகள் சுமதிக்கு அப்போது எட்டாம் மாசம். வலி எடுத்தால் கரைக்கு வர அந்த மோட்டாரை விட்டால் வேறு வழியில்லை.

ஆயுத பூஜை

மோட்டார் துப்பவே இல்லை. கழற்றினால், தண்ணி இழுக்கிற ரப்பர் சக்கரம் இதழ் இதழாகப் பிய்ந்திருந்தது. தண்ணியில்லாமல் ஓட்டினால்தான் அப்படி ஆகும். விசாரித்தேன். ஆயுத பூஜைக்குக் கரையில் நிற்கவைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் அணைகிறவரை ஸ்டார்ட்டிலேயே விட்டிருக்கிறார்கள்! “தண்ணி வேணாமா அண்ணா?” என்றேன்.

“இன்னாம்மா இப்டி சொல்ற? தலைமேல ஒரு குடம் ஊத்தினோமே!”

அடுப்பில் ஒரு வைத்தியம்

சக்கரம் மாற்றினேன். பத்து நாளில் திரும்பி வந்தார். இப்போது துப்புகிறது, ஆனால் கையை நீட்டினால் சுடுகிறது. தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம். இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணிக்கு வழிவிட வேண்டிய சின்னக் கதவு அது. கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் கொதிக்கிற தண்ணிக்குள் தொங்கவிட்டேன். தண்ணி தளதளவென்று கொதித்தும் கதவு திறக்கவில்லை. ஏரி உப்பு படிந்து இறுகிவிட்டது. அண்ணா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் எத்தினி விசில் வுடணும்?”

குளிர் நல்லது

புது தெர்மோஸ்டாட் வர நாலு நாள் ஆகும், அதுவரை ஓட்டாதீங்க என்று சொல்லி அனுப்பினேன். கேட்பாரா? அந்த இடத்தைக் காலியாகவே மூடிக்கொண்டு ஓட்டினார். இன்ஜின் சூடே ஏறாமல் புகைந்தது, பிளக் கரி பிடித்தது, நடு ஏரியில் ரெண்டு தடவை நின்றது. “சுமதியை வச்சுக்கினு இப்படி நின்னா?” என்று கத்தியேவிட்டேன்.

“கோவிச்சுக்காத தாயி. சூடுதான வியாதி, குளிர் நல்லதுன்னு நெனச்சேன்.”

கரையில்

புதுசு வந்ததும் மாட்டிக் கொடுத்தேன். அடுத்த மாசம் ஒரு காலையில் அண்ணாவிடமிருந்து போன்: “வலி எடுத்துட்ச்சி, வந்துக்கினு இருக்கோம்!” ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கரையில் காத்திருந்தேன். படகு நிற்காமல் வந்து சேர்ந்தது. மோட்டார் அழகாகத் துப்பிக்கொண்டிருந்தது. மதியமே பேத்தி பிறந்துவிட்டாள், தாயும் பிள்ளையும் நலம். மோட்டார் பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது: காலையில் படகு வந்து நின்றதும் அண்ணா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் குனிந்து, தண்ணி சுடுகிறதா என்று கையை நீட்டிக்கொண்டிருந்தோம். படகுப் பலகையைப் பிடித்தபடி சுமதி கெஞ்சினாள்:

“மாமா, அக்கா, தண்ணிய அப்புறமா தொட்டுப் பாருங்க, மொதல்ல என்னைப் புடிச்சு எறக்குங்க!”